மூக்கில் இல்லாத கோளாறு

மெக்கானிக் தன் மூக்கை அறுத்துக்கொள்ள நாள் குறித்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி, வெறும் வயிற்றோடு வர வேண்டும். அதைக் கேட்ட அவர் மனைவி, "நல்லதுதாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அந்த மூக்கில் ஒரு கோளாறும் இல்லை என்று உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவள் நினைப்பு.

ஆட்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அவருக்கு அறுபத்து மூன்று வயது. தொழில் தையல் மிஷின் ரிப்பேர். கடைவீதியில் ஒரு ஷட்டர் அகலத்துக்குக் கடை. எவ்வளவு பழைய மிஷினைக் கொண்டுபோய் வைத்தாலும் உடனே கையை வைக்க மாட்டார். "கொஞ்சம் ஓட்டுங்க" என்பார், கண்ணை மூடிக் கேட்பார், அப்புறம் கோளாறு இருக்கிற இடத்தில் விரலை வைத்துக் காட்டுவார். அவளுக்கு ஐம்பத்தொன்பது. ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் யூனிஃபார்ம் தைத்துத் தருகிற கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். முப்பத்தொரு வருஷமாக அந்தக் கட்டிங் மேஜையில் அவள் வைத்ததுதான் சட்டம். முதலாளி உட்பட எல்லாருமே அவளை மாஸ்டரம்மா என்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மகள், அவளையும் கட்டிக்கொடுத்தாயிற்று.

இனி பொய்க்கு வருவோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவள் தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "உங்க குறட்டைல எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லைங்க. நான் பொண்ணு ரூம்லயே படுத்துக்கறேன்" என்றாள்.

அவர் அசடு வழிய, "அவ்வளவு சத்தமாவா இருக்கு?" என்று கேட்டார்.

"ரயில் தோத்துடும்."

அவ்வளவுதான் பேச்சு. உண்மையில் அவர் விடுவது குறட்டையே இல்லை. சூடான டீயை ஊதிக் குடிப்பது போல மெல்லிசாக ஒரு சத்தம். அது காதில் விழாவிட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வராது.

நிஜக் காரணம் வேறு. மாதவிலக்கு நின்று நாலைந்து வருஷம் கழித்து அவள் உடம்பில் என்னவோ மாறிப்போயிருந்தது. அவரோடு சேரும்போது வலித்தது. லேசுப்பட்ட வலி இல்லை, உப்புத்தாளை வைத்துத் தேய்த்த மாதிரி எரிச்சல். மறுநாள் பாத்ரூம் போனால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினாள். நீர்க்கடுப்பு என்று ஒருமுறை ஒரு டாக்டரிடமும் போனாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வயசாகுதுல்ல, தண்ணி நிறைய குடிங்க" என்று எழுதிக் கொடுத்தார். குடித்தாள். குடம் குடமாகக் குடித்தாள். பாத்ரூமுக்கு நடந்ததுதான் மிச்சம்.

புருஷனிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லலாம்தான், எந்த வார்த்தையை வைத்துச் சொல்வது? நூறு அடுக்குத் துணியை நூலிழை பிசகாமல் வெட்டத் தெரிந்தவளுக்குத் தன் உடம்பில் அந்த இடத்துக்கு வாய்விட்டுச் சொல்ல ஒரு பெயர் இல்லை. தெருச்சண்டையில் காதில் விழுகிற பெயர்கள் தெரியும். அதையா சொல்ல முடியும்? தவிர, பயம். இனி இவள் நமக்கு ஆகமாட்டாள் என்ற நினைப்பு அவர் முகத்தில் ஒரு நொடி வந்து போனாலும் அதை அவளால் தாங்க முடியாது. அதற்குக் குறட்டை எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

ஆசை செத்துப்போயிருந்தால் பிரச்சினையே இல்லை. சாகவில்லை, அதுதான் கொடுமை. அவர் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கூடத்தைக் கடந்து போனால் இவள் கண்ணும் கூடவே போகும். மகளுடைய ஒற்றைக் கட்டிலில், மகள் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர். கட்டின புருஷனுக்கே ஏங்கிக் கிடக்கிற பைத்தியம் நான் ஒருத்திதான் என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வாள்.

அவரோ சும்மா இருக்கிற ஆளில்லை. கோளாறு என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் சரிபண்ணாமல் விடமாட்டார். மூக்கின் மேல் ஒட்டுகிற பட்டை வாங்கினார். தாடையைத் தூக்கிக் கட்டுகிற வாரை வாங்கி, பல்வலிக்காரர் மாதிரி ஒரு மாதம் படுத்தார். மல்லாந்து படுத்தால்தான் குறட்டை வருமாம், யாரோ சொன்னார்கள். உடனே பனியனின் முதுகுப்பக்கம் ஒரு பை வைத்துத் தரச் சொன்னார், உள்ளே ஒரு டென்னிஸ் பந்து. புரண்டால் பந்து குத்தும். அந்தப் பையைத் தைத்துக் கொடுத்ததே இவள்தான். தைக்கும்போது இரண்டு தடவை ஊசியைக் கையில் குத்திக்கொண்டாள். குத்தட்டும், நல்லா வேணும் எனக்கு என்றிருந்தது.

ஒவ்வொரு வைத்தியத்துக்கும் பிறகு காலையில் வந்து நிற்பார். "நேத்து எப்படி? கேட்டுதா?"

"கேட்டுதுங்க. சுவரைத் தாண்டிக் கேட்டுது."

"ஓஹோ" என்பார். முகம் வாடிவிடும். அடுத்த வைத்தியத்தைத் தேடக் கிளம்புவார்.

கடைசியில் மூக்கு டாக்டரிடம் வந்து நின்றது. போன திங்கட்கிழமை இரண்டு பேருமாகப் போனார்கள். டாக்டர் சின்ன விளக்கை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "நடுத்தண்டு லேசா வளைஞ்சிருக்கு. பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா இதைத் தொடவே வேண்டியதில்லை" என்றார்.

"எனக்கென்ன டாக்டர், நான் தூங்கிடறேன். தொந்தரவெல்லாம் அவளுக்குத்தான்."

டாக்டர் இவள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா. பக்கத்துல படுக்கறவங்க சொல்றதுதான் எங்களுக்கு முக்கியம். எவ்வளவு சத்தம்? நடுவுல மூச்சு நிக்குதா? திணறி எந்திரிக்கறாரா?"

பக்கத்தில் படுத்து மூன்று வருஷம் ஆனவளிடம் கேட்ட கேள்வி. மெக்கானிக் தன் போனை எடுத்து, "நானே ராத்திரி ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன் டாக்டர்" என்று ஓடவிட்டார். மூன்று பேரும் குனிந்து கேட்டார்கள். மின்விசிறி ஓடியது. தூரத்தில் நாய் குரைத்தது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் புருவத்தைத் தூக்கினார்.

"போன்ல சரியா விழலை" என்றார் மெக்கானிக். "அவளுக்குக் கேக்குதுன்னா கேக்குது டாக்டர். அவ அளவு சொன்னா தப்பா இருக்காது."

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறந்தாள். "ரொம்ப சத்தம்ங்க டாக்டர்" என்றாள். டாக்டர் நாட்காட்டியைப் பார்த்து வெள்ளிக்கிழமை என்று எழுதிவிட்டார்.

புதன்கிழமை காலை கம்பெனியில் கால்சட்டைத் துணி வெட்டு. நூற்றிருபது அடுக்கு, கருநீலம், காவலாளிகளுக்கு. அந்த மேஜையில் ஒரு முறை உண்டு. வருஷக்கணக்குக்கு முன்னால் ஒருநாள் யாரோ எழுதியதை யாரோ தப்பாகப் படித்து, நானூறு கால்சட்டை முழங்காலோடு நின்றுபோனது. அன்றையிலிருந்து, தாளில் உள்ள அளவை மாஸ்டர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிரே நிற்கிறவள் டேப்பைத் துணிமேல் வைத்து அளந்து, பார்த்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கத்தி மிஷினுக்கு சுவிட்ச் போடலாம். முதலாளியே வந்து அவசரப்படுத்தினாலும் இதில் மாற்றமில்லை.

"நீளம் நாப்பது" என்றாள் மாஸ்டரம்மா, இரும்புக் கையுறையை மாட்டிக்கொண்டே.

"நாப்பது" என்றாள் எதிரே நின்ற விரிப்புக்காரி. துணி விரிப்பதில் கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அவள் டேப் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"டேப்பை வச்சுப் பாத்தியாடி?"

"நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும் மாஸ்டரம்மா."

"நான் சொன்னா? நான் பொய் சொன்னா என்னடி பண்ணுவ? என் வாய்க்கு வந்ததை நம்பி நூத்திருபது உருப்படியையும் அறுத்துருவியா? அறுத்தப்புறம் ஒட்டிக்குமா அது?"

கத்திவிட்டு, கத்தியது தன் காதிலேயே விழுந்து, அப்படியே நின்றுவிட்டாள். விரிப்புக்காரி பயந்துபோய் டேப்பை விரித்தாள். அளவு நாற்பதுதான், ஒரு குறையும் இல்லை. ஆனால் மாஸ்டரம்மா கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"இதை நாளைக்கு வெட்டிக்கலாம். எனக்கு அரை நாள் லீவு சொல்லிடு."

"என்னாச்சு மாஸ்டரம்மா?"

"ஒரு தப்பான அளவு குடுத்துட்டேன்டி. கத்தி வைக்கறதுக்குள்ள போய்ச் சொல்லணும்."

கடைவீதி வரைக்கும் நடந்தே போனாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் மனசு மாறிவிடும் என்று பயம். கடையில் மெக்கானிக் ஒரு மிஷினைக் கவிழ்த்துப்போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் அவளைப் பார்த்ததும் எண்ணெய்க் கேனைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னம்மா? பொண்ணுக்கு எதாவது...?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. உக்காருங்க." ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "வெள்ளிக்கிழமை ஆபரேஷன் வேண்டாம்ங்க. உங்களுக்குக் குறட்டையே கிடையாது."

அவர் கை தானாக மூக்குக்குப் போனது. இடையில் விட்டால் வாய் அடைத்துவிடும் என்று அவள் மேலே ஓட்டினாள். "நான் சொன்னது பொய். மூணு வருஷமாப் பொய்தான். எனக்கு... நாம சேந்து இருக்கும்போது எனக்கு வலிக்குதுங்க. தாங்க முடியாம வலிக்குது. அதைச் சொல்ல வெக்கமா இருந்துது. அதான் குறட்டைன்னு சொல்லிட்டு அந்த ரூமுக்குப் போயிட்டேன்."

சொல்லி முடித்துத் தரையைப் பார்த்தாள். திருகாணிகளும் அறுந்துபோன பெல்ட்டும் கிடந்தன.

"எங்க வலிக்குது?" என்றார் அவர்.

"கீழ."

"உள்ளயா, வாசல்லயா?"

அவள் நிமிர்ந்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். மிஷின் சத்தம் கேட்கிறபோது இருக்கிற அதே முகம்.

"வாசல்லதான் முதல்ல. அப்புறம் உள்ளயும்."

"குத்துதா, எரியுதா?"

"எரியுது. காய்ஞ்சுபோன மாதிரி இருக்கு."

"எப்பவுமேவா, அந்த நேரத்துல மட்டுமா?"

"சில நாள் நடக்கும்போதுகூட உறுத்தும். பாத்ரூம் போனாலும் எரியும்." மூன்று வருஷம் தொண்டையில் நின்றதெல்லாம் கேள்விக்கு ஒன்றாக வெளியே வந்து விழுந்தது. இவ்வளவு சுலபமா இது என்று அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மிஷினுக்குக் கேக்கற மாதிரியே கேக்கறீங்க."

"எனக்கு வேற மாதிரி கேக்கத் தெரியாதும்மா." கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது. "அப்ப அந்தக் கடைசி வருஷம் பூரா உனக்கு வலிச்சுதா? பல்லைக் கடிச்சுக்கிட்டா இருந்த?"

"ஆமா."

"எத்தனை ஊர் மிஷினைக் காதால கேட்டுச் சொல்றவன். பக்கத்துல இருந்தது எனக்குக் கேக்கலையே." கையைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "அந்த ரெக்கார்டிங்கை நானும் கேட்டேன்ல. ஒரு சத்தமும் இல்லைன்னு எனக்கும் தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சேவா ஆபரேஷனுக்குப் போனீங்க?"

"உனக்கு என்னைப் பிடிக்காமப் போச்சோன்னு நெனச்சேன். அதை நேரே கேக்கறதுக்கு தைரியம் இல்ல. நீ என்மேல சொன்ன ஒரே குறை இந்த மூக்குதான். அதையும் எடுத்துட்டா அப்புறம் நீ வர்றியா இல்லையான்னு தெரிஞ்சுடும்ல."

"அதுக்காக மூக்கை அறுத்துப்பீங்களா?"

"மூக்குதானே" என்றார் அவர்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுகைக்கு நடுவிலேயே, பந்து வைத்த பனியனோடு அவர் நாற்பது ராத்திரி ஒருக்களித்துப் படுத்திருந்தது நினைவுக்கு வந்து சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து விக்கல் எடுத்துவிட்டது. அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு அவள் எதிரிலேயே டாக்டருக்கு போன் போட்டார். "டாக்டர், வெள்ளிக்கிழமை வேண்டாம். இல்ல, பயமெல்லாம் இல்ல. மூக்கு நல்லாத்தான் இருக்கு, தகவல்தான் தப்பு."

அன்றைக்கே தலையணை திரும்பி வந்தது. தூங்குவதற்குத்தான், வேறொன்றுக்கும் இல்லை. அவர் கையைத் தன் இடுப்பில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூன்று வருஷத் தூக்கத்தையும் ஒரே மூச்சில் தூங்கினாள்.

அடுத்த புதன்கிழமை பெண்கள் டாக்டரிடம் போனார்கள். புதன்கிழமை சாயங்காலம் மட்டும் கிளினிக்குக்கு வருகிற டாக்டரம்மா அவர். தலை முழுக்க நரை, மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்குகிறது. வெளியே உட்காரச் சொன்னதற்கு மெக்கானிக் மறுத்துவிட்டார். "எனக்கும் தெரிஞ்சிருக்கணும் மேடம்" என்று ஒற்றைக்காலில் நின்றார். மாஸ்டரம்மாவும் இருக்கட்டும் என்றாள்.

"சொல்லுங்க, என்ன பண்ணுது?"

"கீழ கொஞ்சம் எரிச்சல் டாக்டர்."

"கீழன்னா? முழங்காலா, பாதமா?" என்றார் டாக்டரம்மா, எழுதுவதை நிறுத்தாமல். "வெக்கப்படாதீங்க. பிறப்புறுப்பு. அதுக்கு யோனின்னு நல்ல தமிழ்ப் பேரே இருக்கு. காது, மூக்குன்னு சொல்றமே, அது மாதிரி இதுவும் ஒண்ணு. சொல்லிப் பாருங்க."

மாஸ்டரம்மா சொல்லிப் பார்த்தாள். கூரை இடிந்து விழவில்லை.

டாக்டரம்மா கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டதுண்டா, மார்பில் கட்டி என்று எப்போதாவது வைத்தியம் பார்த்ததுண்டா, வேறு மாத்திரை என்ன சாப்பிடுகிறாள். திரைக்குப் பின்னால் படுக்கவைத்துப் பரிசோதித்தார், ஒவ்வொன்றும் செய்யுமுன் சொல்லிவிட்டுச் செய்தார். வெளியே வந்து கை கழுவிக்கொண்டே பேசினார்.

"பயப்பட ஒண்ணும் இல்ல. மாதவிலக்கு நின்னதும் ஈஸ்ட்ரோஜன்னு ஒரு சுரப்பு குறைஞ்சுடும். அது இல்லாம அந்த இடத்துல தோல் மெலிசாயிடும், ஈரப்பசை போயிடும். வலி, எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு, எல்லாம் அதனாலதான். பாதிப் பொம்பளைங்களுக்கு வருது. வந்து சொல்றவங்கதான் கம்மி. உள்ள வைக்கற மாதிரி ஒரு க்ரீம் தர்றேன். முதல் ரெண்டு வாரம் தினமும், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள். இது மந்திரம் இல்ல, ரெண்டு மூணு மாசம் ஆகலாம் முழுசாச் சரியாக. சேர்ற நேரத்துக்குத் தனியா வழவழப்பு ஜெல் இருக்கு, அதையும் எழுதறேன்."

"வயசானா இதெல்லாம் வேண்டாம்னு ஆயிடும்பாங்களே டாக்டர்" என்றாள் மாஸ்டரம்மா, மெதுவாக.

"யாரு சொன்னது? எனக்கு அறுபத்தாறு" என்றார் டாக்டரம்மா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மருந்துச் சீட்டை இழுத்தார்.

மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார். "மேடம், அப்ப எப்ப இருந்து... எத்தனையாவது நாள்ல இருந்து..."

"அவங்க எப்ப சொல்றாங்களோ அப்ப. நாள் கணக்கு கிடையாது. அதுவரைக்கும் பட்டினி கிடக்கவும் வேண்டாம். தொட்டுக்கறதுக்கும் கட்டிக்கறதுக்கும் மருந்து தேவையில்லை. அவசரப்படாதீங்க, அதுதான் ஆம்பளைங்களுக்கு நான் எழுதற மருந்து."

மெக்கானிக் அதையும் சட்டைப்பையில் இருந்த துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். மருந்துக்கடையில் ஜெல் கேட்கும்போது கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, பொட்டலத்தைச் செய்தித்தாளில் சுற்றப் போனார். "எதுக்குச் சுத்தறீங்க? எண்ணெய் வாங்கினா சுத்தியா தர்றீங்க?" என்று இவர் சாதாரணமாகக் கேட்டார். மாஸ்டரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள்.

அதற்கப்புறம் வந்த வாரங்களைப் பற்றி என்ன சொல்வது? கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. அப்போது எல்லாமே இருட்டில், மளமளவென்று, மாமியார் பக்கத்து அறையில் இருமுகிறாரே என்ற பயத்தில். இப்போது வீட்டில் இரண்டே பேர். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னல் திரையைப் போட்டுவிட்டு, அவள் முதுகைப் பிடித்துவிடச் சொன்னாள். அவர் பிடித்துவிட்டார். இங்கே, இல்லை, இன்னும் கொஞ்சம் மேலே என்று அவள் வழி சொன்னாள். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட வழி சொன்னதில்லை. அவருக்கும் எது பிடிக்கும் என்று கேட்டாள். அவர் காது வரைக்கும் சிவந்துபோய், காதுதான் என்றார். ஐந்தாவது வாரம் எரிச்சலைத் தேடிப் பார்த்தாள், காணவில்லை. ஒரு வாரம் அதை யாரிடமும் சொல்லாமல், தனக்கு மட்டும் தெரிந்த நல்ல செய்தியாக வைத்துக்கொண்டு திரிந்தாள்.

ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை. விடிந்து வெயில் கட்டில் கால் வரைக்கும் வந்துவிட்டது. அவள் எழுந்து உட்கார்ந்து கூந்தலை முடிந்தாள். முடிந்ததை அவிழ்த்துவிட்டு மறுபடி படுத்தாள்.

"வேலைக்கு நேரமாகலையா?" என்றார் அவர், பாதித் தூக்கத்தில்.

"ஆகட்டும்" என்றாள். "இன்னைக்கு நான் சொல்றேன்."

அவருக்குத் தூக்கம் பறந்துவிட்டது. ஆனாலும் அவசரப்படவில்லை. "வலிக்குதா?" என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்க வாயெடுத்தபோது அவள் அவர் வாயைப் பொத்தினாள். வலிக்கவில்லை. வலி வருமோ என்று உடம்பு இறுகிக் காத்திருந்தது கொஞ்ச நேரம், வராது என்று தெரிந்ததும் தானே தளர்ந்துகொண்டது. அதற்கப்புறம் அவள் எதையும் கவனிக்கவில்லை. அவள் போட்ட சத்தத்தில் ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா பறந்துபோயிற்று. அவள் வெட்கப்படவும் இல்லை. தனக்கு இன்னும் இது உண்டு, இவ்வளவு உண்டு என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அவர் மார்பில் தலையை வைத்துக்கொண்டு காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவரும் என்ன ஏது என்று கேட்காமல் கூடச் சிரித்தார்.

அவள் கம்பெனிக்குள் நுழையும்போது மணி ஒன்பது இருபது. ஷிப்ட் எட்டரைக்கு. முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை, மகள் கல்யாணத்துக்கு மறுநாள்கூட எட்டேகாலுக்கு நின்றவள். கட்டிங் மேஜையைச் சுற்றி எல்லாரும் இழவு வீட்டு முகத்தோடு நின்றார்கள்.

விரிப்புக்காரி ஓடிவந்தாள். "மாஸ்டரம்மா! போன் போட்டாலும் எடுக்கலை. வீட்டுல யாருக்காவது எதாவதா? அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?"

பஸ் வரவில்லை என்று ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. மாஸ்டரம்மா அதை அப்படியே விழுங்கிவிட்டாள்.

"எல்லாரும் நல்லாத்தான்டி இருக்கோம். வீட்டுக்காரரோட படுத்திருந்தேன். எந்திரிக்க மனசு வரலை."

தையல் வரிசையில் ஒரு மிஷின் நின்றது. பிறகு ஒன்று, பிறகு ஒன்று. முப்பது மிஷினும் நின்றுபோன அந்த நிசப்தத்தில் விரிப்புக்காரிதான் முதலில் கெக்கெக்கே என்று ஆரம்பித்தாள். அப்புறம் அங்கே இருந்த கூச்சலைக் கேட்டு முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மாஸ்டரம்மா கையை ஆட்டி அவரை உள்ளே போகச் சொன்னாள்.

டீ நேரத்தில் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள். வலித்தது, பொய் சொன்னது, மூக்கு, டாக்டரம்மா, க்ரீம் என்று எல்லாம். பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் பெயரையே சொன்னாள். இளையவள் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள், விரல் இடுக்கைத் திறந்து வைத்துக்கொண்டு. மூக்குக் கதைக்கு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மணி அடித்து அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற அக்கா மட்டும் போகவில்லை. அறுபத்தேழு வயது, கம்பெனியில் எல்லாருக்கும் மூத்தவர். அன்றாடம் காலையில் அவர் புருஷன் கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவர் உள்ளே போகும்வரை நின்று பார்த்துவிட்டுப் போவார். அதைப் பார்த்துக் கம்பெனியே கேலி செய்யும். மூக்குக் கதைக்கு எல்லாரும் சிரித்தபோது அக்காவும் சேர்ந்து சிரித்தாரா என்று மாஸ்டரம்மாவுக்கு இப்போது சந்தேகமாக இருந்தது.

"அந்த டாக்டரம்மா புதன்கிழமைதானே வருவாங்க?"

"ஆமாங்க்கா. சாயங்காலம் நாலு மணிக்கு."

அக்கா காலி டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "எனக்கு நாப்பத்தஞ்சுலயே நின்னுடுச்சு. அப்ப இருந்தே இப்படித்தான். இதுக்கு மருந்து இருக்குன்னே தெரியாது."

இருபத்திரண்டு வருஷம். மாஸ்டரம்மா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். மூணரைக்குக் கிளம்பிடலாம்."

"அவரும் வரணுமா?"

"வந்தா நல்லதுக்கா."

அக்கா யோசித்தார். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பரவியது, சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். "அவருக்குக் காது கேக்காதே. டாக்டரம்மா கத்திச் சொல்லணும். வெளிய உக்காந்திருக்கற பொம்பளைங்க அத்தனை பேருக்கும் கேக்குமே."

"கேக்கட்டும்க்கா" என்றாள் மாஸ்டரம்மா.